அக்கா வளைவு

சைக்கிள் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் அவர் அம்பு மாமா. பந்தயத்துக்கு முந்தின நாள் பாதை நெடுகப் போய், ஒவ்வொரு முனையிலும் இந்தப் பக்கம் திரும்பு, நேரே போ என்று அம்புக்குறி போட்ட பலகைகளைக் கட்டுகிற வேலை அவருடையது. மற்ற நாட்களில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து பிழைக்கிறவர். முதன்முதலில் அவரை அப்படிக் கூப்பிட்டவன் அவருடைய அக்கா மகன். அவனோடு சைக்கிள் ஓட்டிய பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் ஊரே பிடித்துக்கொண்டது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஊருக்கெல்லாம் வழி காட்டுகிற மனுஷர்தான். ஆனால் யாரிடமாவது ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும் என்றால் அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. கடை வாடகை ஏறிவிட்டது என்று சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்லவே அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அதுவும் கடைசியில் கடைச் சொந்தக்காரரே வந்து சொன்னதால்தான் வெளியே வந்தது. அப்படிப்பட்ட ஆளிடம் போய் அக்காவிடம் ஒரு செய்தி சொல்லுகிற வேலையைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

அக்கா மகன் விழுந்தது மலை ரோட்டில், மேலே ஒரு வளைவில். ஏதோ லாரி கொட்டிவிட்டுப் போன மணல். கூட்டத்தையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான் பையன். வளைவில் சக்கரம் வழுக்கியது, அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம் பந்தயம் அதே வழியாக வந்தபோது, யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். வளைவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டு நிறைய நாலாக வெட்டின ஆரஞ்சு. பந்தயத்தன்று பையன் அதைத்தான் வாயில் அடக்கிக்கொண்டு ஓட்டுவான். ஒருவன் போகிறபோக்கில் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்தான். பின்னால் வந்தவனும் எடுத்தான். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அக்கா வளைவு என்று பெயரும் வந்துவிட்டது. அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். அக்காவும் ஒவ்வொருவனிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவாள். "பார்த்துப் போப்பா, கீழே மணல் இருக்கும்." மணல் இருக்கிறதோ இல்லையோ, அவள் சொல்லுவாள்.

அக்கா ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரி. வருஷம் முழுக்க மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். யாராவது பேச்செடுத்தால் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போய்விடுவாள். பந்தயச் செய்தி வருகிற பேப்பரை மடித்துத் தூரப் போட்டுவிடுவாள். அந்த ஒரு நாள், அந்த ஒரு தட்டு, அதுதான் அவளுக்குப் பிள்ளையோடு மிச்சமிருந்தது.

இந்த வருஷம் பந்தயக் குழுவுக்குப் புதுச் செயலாளர். நல்ல பையன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் மாமாவுக்கு வசதியாகப் போயிருக்கும், நாலு திட்டு திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவன் சுவரில் பெரிய வரைபடத்தை ஒட்டி, சிவப்பு நூலால் பாதையை இழுத்துக் காட்டினான். பழைய கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மணிக்கூண்டைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி முனையில் வலது பக்கம் திரும்பி, கல் பாலத்தைத் தாண்டி, சந்தைத் திடலில் போய் முடிகிற பாதை. வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். தேன், சுட்ட ரொட்டி, பழச்சாறு, பொரித்த மீன்.

"பார்க்க வர்றவங்க நாலு பழைய இடத்தைப் பார்க்கணும், நாலு வாய் சாப்பிடணும் மாமா. அப்பதான் அடுத்த வருஷமும் பந்தயம் நடக்கும். இல்லைன்னா நமக்கு நாமே கைதட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"தொட்டி முனையில வழக்கமா இடது பக்கம்தானே போவோம்," என்றார் மாமா. "மலை ரோடு."

"அந்த ரோட்டுல பார்க்க என்ன மாமா இருக்கு? சாப்பிட என்ன இருக்கு?"

பார்க்க ஒரு அம்மா இருக்கிறாள், சாப்பிட அவள் தட்டில் ஆரஞ்சு இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். மாமா பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்துச் செயலாளருக்கே உறைத்தது. அவன் முகம் விழுந்துவிட்டது.

"அடடா. அக்காவை மறந்தே போயிட்டேன் மாமா. இனிமே மாத்த முடியாது, கடைக்காரங்ககிட்ட எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. கல் பாலத்துக்கிட்ட அவங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுடலாம்."

"சொல்லிடறேன், சொல்லிடறேன்," என்றார் மாமா.

சொன்னாரா? முதல் தடவை அக்கா வீட்டுக்குப் போனார். அவள் சோற்றைப் போட்டாள், சாப்பிட்டார், கை கழுவினார், சமையல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை விடுதிக்கே போனார். ஆவி பறக்கிற அண்டாவுக்குப் பின்னால் அவள் முகமே தெரியவில்லை. "என்னடா இந்த நேரத்துல?" என்றாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார். மூன்றாம் தடவை போனபோது அவள் பழக்கடைக்காரனிடம் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தாள். "இந்தத் தடவை புளிக்காத பழமா அனுப்பச் சொல்லியிருக்கேன். போன வருஷம் ஒரு பையன் முகத்தைச் சுளிச்சான் பாவம்," என்றாள். அதற்கப்புறம் எங்கே சொல்ல. அக்காவோடு விடுதியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும். தம்பி சொல்லியிருப்பார் என்று அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். ஊரெல்லாம் ஒட்டியிருந்த சுவரொட்டியிலோ கோட்டைப் படமும் ரொட்டிப் படமும்தான் இருந்தன, எந்த ரோடு என்று எழுதவில்லை.

"சொல்லிட்டீங்களா?" என்று மாமாவின் மனைவி தினமும் கேட்டாள்.

"சொல்லத்தான் போறேன்."

"நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா, எந்தம்பி ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேப்பா."

"நல்லா கேக்கட்டும்," என்று அவள் பாத்திரத்தைப் பொத்தென்று வைத்தாள். அந்த வீட்டில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாமா தண்ணீர்த் தொட்டி முனையில் பலகை கட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் காட்டுகிற அம்பு. அப்போது ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே காற்றடிக்கிற பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பா.

"இதுதான் தொட்டி முனையா சார்?" என்று கேட்டாள். வெளியூர்க்காரி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலையாம். ஒரு நாள்தான் லீவு கிடைத்தது, பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதை முழுக்க ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. "மத்தவங்க கார்ல போய்ப் பார்த்துட்டு வந்துட்டாங்க. நான் அம்பைப் பார்த்துத்தான் போகணும்."

"அதுக்குத்தானே அம்பு வைக்கிறோம். கண்ணை மூடிட்டு நம்பலாம்," என்றார் மாமா.

"கண்ணை மூடினா அம்பு தெரியாதே மாமா," என்று சிரித்தாள் அவள். சாரிலிருந்து மாமாவுக்கு அவளும் வந்துவிட்டாள்.

அப்பாதான் விஷயத்தைச் சொன்னார். பெண்கள் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவளைப் பெரிய அணி ஒன்று எடுத்துக்கொள்ளப் போகிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த வருஷத்தோடு இவளுக்கு வயது தாண்டிவிடும். "அதுக்கப்புறம் இஸ்திரிப் பெட்டிதான்," என்று அவள் குறுக்கே சொன்னாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது, ஆனால் அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். வேனில் ஏறினதும் சொல்லிவிடுவது என்று முடிவு. அக்கா துவைத்து மடித்த சேலை கட்டிக்கொண்டு, மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டி முனை வந்தது. நேற்றுக் கட்டின பலகை வலது பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. அக்கா பலகையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இடது பக்கம் திரும்பி மலை ஏறியது.

வளைவில் இறங்கினதும் அவள் தட்டைத் துடைத்தாள், மடக்கு நாற்காலியைப் பிரித்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். "அம்பு எங்கேடா? இங்கே ஒண்ணு வைப்பியே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வெயில் ஏறாத நேரம், ரோட்டில் ஈ காக்கை இல்லை, அக்காவும் தம்பியும் மட்டும். அவள் அழுதிருந்தால் அழட்டும், நாலு அறை அறைந்திருந்தால் அறையட்டும் என்று சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? "மறந்துட்டேன்க்கா," என்று சொல்லி, வேனில் கிடந்த உபரிப் பலகை ஒன்றை எடுத்து, வருஷா வருஷம் கட்டுகிற அதே மரத்தில் கட்டினார்.

"வெயில்ல நிக்காதே. நாற்காலியில உக்காரு," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அன்றைக்கு அவருக்குத் தொட்டி முனையில்தான் நிற்கிற வேலை. ஆண்கள் பந்தயம் போகும், ஒரு மணி நேரம் கழித்துப் பெண்கள் பந்தயம் போகும், அதுவரை கொடியோடு நிற்க வேண்டும். முன்னால் வழி காட்டிப் போகிற மோட்டார் சைக்கிள் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களுக்குக் கிடையாது, கடைகளுக்குப் பந்தல் போட்டதிலேயே கை கடித்துவிட்டதாம்.

ஆண்கள் வந்தார்கள். மொத்தக் கூட்டமும் சர்ரென்று வலது பக்கம் சாய்ந்து போயிற்று. பழைய ஆட்கள் சிலர் சாயும்போது ஒரு தரம் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் மாமாவைப் பார்த்துக் கையை விரித்தான். என்ன செய்வது மாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

கூட்டம் போனதும் ரோடு வெறிச்சோடிவிட்டது. தட்டைத் துடைத்த அக்காவின் கைதான் மாமாவின் கண்ணுக்குள் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து ரோட்டோரம் வந்து நிற்பாள். ஒரு சைக்கிளும் வராது. பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எப்படியும் கடைசியில் இரண்டு மூன்று பேர் மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார்கள். ஜெயிக்கப் போவதில்லை, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். அவர்கள் மலை ரோட்டில் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அக்காவுக்கு இரண்டு பேராவது வந்த மாதிரி இருக்கும். மாலையில் போய், கூட்டம் இந்தத் தடவை ரொம்பக் கம்மி என்று பூசி மெழுகிவிடலாம்.

கம்பியைத் தளர்த்திப் பலகையை இடது பக்கம் திருப்பினார். திருப்பிவிட்டு, வருகிறவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வாக்கி டாக்கி வேனுக்குள் கிடந்தது. அதில் யாரோ ஏதோ சொன்னார்கள். மாமா கவனிக்கவில்லை. எந்த மேடையிலும் சீக்கிரம் பேச்சை முடிக்காத சிறப்பு விருந்தினர் அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் முடித்துவிட்டார், அதனால் பெண்கள் பந்தயத்தை முன்கூட்டியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் செய்தி.

சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு ஆள். குனிந்த முதுகும் மஞ்சள் தலைக்கவசமும் மட்டும் தெரிந்தன. அம்பைப் பார்த்து, ஒரு நொடிகூடத் தயங்காமல் இடது பக்கம் திரும்பி மலை ஏறிப் போயிற்று அந்த உருவம்.

மாமாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒருத்தன் போதும், பேராசை வேண்டாம் என்று பலகையைப் பழையபடி வலது பக்கம் திருப்பிக் கம்பியை முறுக்கினார். முறுக்கி முடிக்கவும், ஆண்கள் பந்தயத்தின் கடைசி ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே ஆடி அசைந்து வந்து சேரவும் சரியாக இருந்தது.

"இன்னுமா நிக்கிறீங்க மாமா?" என்றான் ஒருவன். "அந்தப் பொண்ணைப் பார்த்தீங்களா? மணிக்கூண்டுகிட்ட எங்களைத் தாண்டிப் போச்சு பாருங்க, நாங்க நின்னுட்டிருக்கிற மாதிரி ஆயிடுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"மஞ்சள் ஹெல்மெட். பொண்ணுங்க பந்தயத்துல முதல்ல வர்றா. ரெண்டாவது வர்றவ ரொம்பப் பின்னாடி."

அவர்கள் வலது பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு எப்படி வேனில் ஏறினார், எப்படிச் சாவியைத் திருகினார் என்று அவருக்கே தெரியாது.

வளைவில் அக்கா நடுரோட்டில் நின்றிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. வேன் நிற்பதற்குள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணுடா. தனியா வந்தா, நம்ம பையன் வந்த மாதிரியே. எல்லாரும் போயிட்டாங்களாம்மான்னு கேட்டா. இல்லடி கண்ணு, நீதான் முதல்ல வர்றேன்னு சொன்னேன். ஒரு துண்டு வாயில போட்டுட்டு, சிரிச்சுட்டுப் பறந்துட்டா. மத்தவங்க எங்கேடா?"

"வருவாங்க," என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை விட்டார். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது.

மலை ரோடு இறங்கி நெடுஞ்சாலையில் போய் முட்டுகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கொடி இல்லை, ஆள் இல்லை, அம்பு இல்லை. வேனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மாமா, அடுத்த அம்பு எங்கே? சீக்கிரம் சொல்லுங்க."

அவர் இறங்கி வந்து நின்றார்.

"நான் தப்பா வந்துட்டேனா?" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "தொட்டி முனையில அம்பு இந்தப் பக்கம்தானே காட்டுச்சு. மேல ஒரு மரத்துலயும் இருந்துச்சே. அந்த அம்மாகூட..."

"யாரோ பலகையைத் திருப்பிட்டாங்கம்மா," என்றார் மாமா.

அவள் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், மாமா நின்றபடியே தேம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன மாமா பண்ணுவீங்க," என்றாள் அவள். "உங்க தப்பு இல்லை. விடுங்க."

அவள் செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. வேனில் சைக்கிளை ஏற்றி, அவளைச் சந்தைத் திடலில் கொண்டுபோய் விட்டார். அங்கே வேறொரு பெண் ஜெயித்து, கழுத்தில் மாலையோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக்கடையில் கூட்டம் அலைமோதியது. பாதையை விட்டு விலகினால் பெயரை எடுத்துவிடுவது விதி, எடுத்துவிட்டார்கள். "எவனோ சேட்டை பண்ணியிருக்கான் மாமா, பாவம் அந்தப் பொண்ணு," என்றான் செயலாளர். அதற்கும் மாமா தலையை ஆட்டினார்.

அக்காவை அழைத்துவர மறுபடி மலைக்குப் போனபோது பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது. வெட்டின ஆரஞ்சு வெயிலில் வதங்கி ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. ஒரு துண்டு மட்டும்தான் குறைந்திருந்தது.

"வேற யாருமே வரலைடா," என்றாள். "மறந்துட்டாங்க போல. சரி விடு, எத்தனை வருஷம்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு ஜெயிச்சுட்டாளா?"

அக்கா கேட்டது அந்த ஒரு கேள்விதான். மாமா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு நூல், மூன்று தடவை வந்து சொல்லாமல் போனது, மரத்தில் கட்டின பலகை, முனையில் திருப்பின பலகை, நெடுஞ்சாலையில் சொன்ன பொய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அக்கா கேட்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டுல உக்காந்து அழுதிருப்பேன்டா," என்றாள். "அவ்வளவுதானே. எனக்கு அழத் தெரியாதா? ஒருத்தி அழுதா பத்தாதா உனக்கு?"

அவள் எழுந்து நாற்காலியை மடக்கினாள்.

"எந்திரி. அந்தப் பொண்ணு எங்கே இருக்கோ அங்கே கூட்டிட்டுப் போ. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன், ஆனா எனக்காகப் பேசுன்னு எம்முகத்தைப் பார்க்காதே."

முதலில் குழு அலுவலகத்துக்குப் போனார்கள். செயலாளர் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. "அந்த அணி ஆளுங்க இவ்வளவு நேரம் இங்கேதான் மாமா இருந்தாங்க. அந்தப் பொண்ணு தானா வழி தப்பலை, நம்ம ஆள்தான் திருப்பினார்னு அப்பவே தெரிஞ்சிருந்தா நான் அவங்க காலைப் பிடிச்சாவது பேசியிருப்பேன். ஜெயிச்ச பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்களே." அக்காவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடினான், திறந்தான்.

பஸ் நிலையத்தில் அப்பாவும் மகளும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பெண் எழுந்து நின்றாள். மரியாதைக்கு எழுந்தாள், பாவம்.

"பலகையைத் திருப்பினது வேற யாரும் இல்லைம்மா," என்றார் மாமா. "நான்தான் திருப்பினேன். கடைசியில வர்ற ஆம்பளைங்கன்னு நினைச்சுத் திருப்பினேன்."

கயிற்றை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. பெண் அவரையே பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

மாமா அக்காவைப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடியே செய்தார். அக்கா மகன் அந்த வளைவில் விழுந்தது, தட்டு, ஆரஞ்சு, இந்த வருஷம் பந்தயம் அந்தப் பக்கம் வராது என்று சொல்ல வாய் வராதது எல்லாவற்றையும் தானே சொன்னார். திணறித் திணறித்தான் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை.

பெண் அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீதான் முதல்ல வர்றேன்னு சொன்னீங்களேம்மா," என்றாள். "அதை நம்பித்தான் மிச்ச மேட்டையும் ஏறினேன். அவ்வளவு வேகமா நான் எந்த மேடும் ஏறினதே இல்லை." அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் அக்கா. "சத்தியமா எனக்குத் தெரியாது."

பஸ் வந்தது. அப்பா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி மேலே போட்டார். மாமா உதவிக்குப் போனார். "வேணாம், நான் பார்த்துக்கிறேன்," என்றார் அப்பா, மரியாதையாகவே. அக்கா வெட்டாமல் மிச்சமிருந்த பழங்களைப் பையோடு நீட்டினாள். பெண் பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பிப் போனதும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். மாமா ஒரு ஓரமாக நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கும் அதையேதான்டா சொன்னேன்," என்றாள் அக்கா. "பார்த்துப் போ கண்ணு, கீழே மணல் இருக்கும்னு. இல்லாத மணலைச் சொன்னேன். வழியே தப்புன்னு சொல்ல எனக்குத் தெரியலையே."

அவள் அழ ஆரம்பித்தாள். மகன் போன நாளிலிருந்து இத்தனை வருஷமாகத் தம்பிக்கு முன்னால் அவள் அழுததே இல்லை. மாமா பழப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.